முப்பத்துநாலு அங்குலம்

ஊர்காவற்றுறை
28.01.2025

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே கேட்கிறேன். என் பேஸ் கிற்றாரின் பிறிட்ஜை இடம் மாற்றியது யார்?

இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், நடுவில் அம்மா அழத் தொடங்குவா, கடைசியில் கேள்வி கேட்டபடியே கிடக்கும். அதனால்தான் உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் தாருங்கள்.

ஐப்பசியில் இருந்து ஒவ்வொரு சனி ஞாயிறும் நயினாதீவுக்கு வந்து உங்கள் பட்டறையில் நின்று செய்த சாமான் அது. வேம்பில் உடலை வெட்டித் தந்தது நீங்கள், அதை நான் மறுக்கவில்லை. முதிரையில் கழுத்தை இரண்டு பேருமாகச் சீவினோம். ஆனால் விரல் வைக்கும் பலகையில் இருபத்தொரு பிறெற் கம்பிக்கும் காடி அறுத்தது நான். ஒவ்வொன்றின் இடத்தையும் கணக்குப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கழற்றி, தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பியை எட்டாயிரம் சுற்றுச் சுற்றி, தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் செய்ததும் நான். கடையில் தண்ணீர் மோட்டருக்குக் கம்பி சுற்றுகிறவளுக்கு அது பழகிய வேலைதான். ஆனாலும் மூன்று தடவை கம்பி அறுந்தது, மூன்று தடவையும் முதலில் இருந்து தொடங்கினேன்.

தை பிறந்ததும் வெங்காயத் தோட்டக்காரரின் மோட்டர்கள் கடையில் குவிந்துவிட்டன. என்னால் வர முடியவில்லை. மிச்சம் இருந்தது ஒரேயொரு வேலை. தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பித்தளைப் பிறிட்ஜை, வீணையில் குதிரை என்பார்களே அதுமாதிரி, நாலு திருகாணி போட்டுப் பூட்ட வேண்டும். எங்கே பூட்டுவது என்று பென்சிலால் குறுக்குக்கோடு கீறிவிட்டுத்தான் வந்தேன். மேல்முனையில் இருந்து சரியாக முப்பத்துநாலு அங்குலம். வாயாலும் சொன்னேன். "ஓமோம், நீ பிறக்க முதல் திருகாணி பிடிச்சனான்" என்று என்னை அனுப்பி வைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவுத் தேவாலயத் திருவிழாவில் எங்கள் பாட்டுக் குழுவின் நிகழ்ச்சி. அன்று காலையில்தான் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கார ரஜீபன், படுக்கை விரிப்பால் சுற்றின கிற்றாரை என் கையில் தந்தார். "அக்கா, தண்ணி படாமல் கொண்டு போகட்டாம் எண்டு அண்ணை சொல்லிவிட்டவர்" என்றார். தண்ணீர் படவில்லை, அண்ணை. வேறு எல்லாம் பட்டது.

மேடைக்கு ஏற இருபது நிமிடம் இருக்கும்போதுதான் தந்தி போட்டு முடித்தேன். வெறும் தந்தியைத் தட்டிப் பார்த்தால் சுருதி சுத்தமாக இருந்தது. முதல் இரண்டு பாட்டும் கழுத்தின் மேல்முனைப் பக்கமாக வாசித்ததால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் விரல் நடுக்கழுத்துக்கு வந்ததும் சுரம் ஏறத் தொடங்கியது. மேலே போகப் போகக் கூடியது. பாடிக்கொண்டு நின்ற மேரிசுகந்தி அக்கா திரும்பிப் பார்த்து, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "கோசி, நிப்பாட்டு" என்றா. அது நெடுந்தீவு முழுக்கக் கேட்டது. பிறகு ஆலயசபைத் தலைவர் குருசுமுத்து ஐயா மேடைக்கு ஏறி, "குறை நினையாதேங்கோ, அது பிள்ளையள் வீட்டில செய்த சாமானாம்" என்று சனத்துக்கு விளக்கம் சொன்னார். சனம் சிரித்தது.

மிச்சம் நாலு பாட்டுக்கும் நான் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்துவிட்டு, வாசிக்கிறமாதிரி விரலை ஆட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

வந்து அளந்தேன். முப்பத்துமூன்று. முப்பத்துமூன்றரை இல்லை, முப்பத்துமூன்றேகால் இல்லை, மயிரிழை பிசகாத முப்பத்துமூன்று. என் பென்சில் கோட்டை அரத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வார்னிஷும் அடித்திருக்கிறது. இருபத்தெட்டு வருசம் தச்சுவேலை செய்கிற ஒருவர் தவறிப்போய் இப்படி விட மாட்டார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் எங்கள் குழு மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு என்று மூன்று மாதம் போகிறது. நானும் போவதா என்பது இப்போது கேள்வியாகிவிட்டது. மார்ச் இரண்டாம் திகதி ஒழுங்கான வாத்தியத்தோடு வந்து வாசித்துக் காட்டச் சொல்லிச் சுகந்தி அக்கா தவணை தந்திருக்கிறா. அன்றைக்குச் சரிவராவிட்டால் என் இடத்தில் மண்டைதீவுக் கஜீபன். அவரிடம் வெளிநாட்டில் இருந்து வந்த கிற்றார் இருக்கிறது.

பதில் எழுதுங்கள்.

கோசலா


நயினாதீவு
03.02.2025

தங்கச்சி கோசலாவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கிறேன். எனக்கு அந்த முறை தெரியும்.

பிறிட்ஜை மாற்றியது நான்தான். ஒளிக்க ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டுதான் மாற்றினேன். அளக்கத் தெரியாதவன் என்றமாதிரி மட்டும் எனக்கு எழுதாதே.

முப்பத்துநாலு என் பட்டறையில் எடுபடாத எண். எங்கள் தொழிலில் அளவுக் கொப்பி என்று ஒன்று வைத்திருப்போம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பலன் அதில் எழுதியிருக்கும். முப்பத்துமூன்று என்றால் குடி உயரும். முப்பத்தைந்து என்றால் தெய்வ கடாட்சம். முப்பத்துநாலு என்றால் வீட்டைவிட்டு ஓட்டும். மற்றவர்கள் வீட்டு அடிக்கணக்குக்கு மட்டும் பார்ப்பார்கள். நான் அங்குலத்துக்கும் பார்க்கிறவன். முப்பத்துநாலு அங்குலத்தில் ஒரு யன்னல்கூட இந்தக் கையால் செய்ததில்லை. ஆட்கள் கேட்டால் ஓர் அங்குலம் குறைப்பேன், இல்லாவிட்டால் கூட்டுவேன். என் யன்னல் பிழையாகப் பாடுகிறது என்று இன்றுவரைக்கும் ஒருவரும் வந்து சொன்னதில்லை.

தயாபரன் மாமா புங்குடுதீவில் கட்டின வீட்டை உனக்குத் தெரியும். விறாந்தை முப்பத்துநாலு அடி. கட்டும்போதே வேண்டாம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? வௌவால்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு என் சொந்தத் தங்கச்சி தோளில் மாட்டித் திரியப்போகிற சாமானில் அந்த எண்ணை நான் போடுவேனா? ஓர் அங்குலம், பிள்ளை. ஓர் அங்குலத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அந்தப் பித்தளைக் கம்பிகளை அரத்தால் கொஞ்சம் ராவினால் சரிவரும் என்று நினைக்கிறேன்.

பதினொரு நாள் அந்த உடலைத் தேய்த்தேன். கோயில் வாகனத்துக்குக்கூட நான் அவ்வளவு தேய்த்ததில்லை. உன் அண்ணி பவதாரணி குசினிக்குள் இருந்து வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரியெல்லே கிடக்கு" என்றாள். உன் கடிதத்தில் இரண்டு பக்கம் எனக்குப் பேச்சு இருக்கிறது. அந்த வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அம்மாவுக்கு என் போனைவிட்டால் வேறு போன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் உனக்கு எடுபடுகுதில்லை என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறா. ஊர்காவற்றுறையில் போன் கோபுரம் பழுது என்று உனக்காகப் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணன் வசீகரன்


ஊர்காவற்றுறை
07.02.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்றாம் தடவை கடையில் வைத்து வாசித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, மோட்டர் எரிஞ்சு போச்சோ?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

யன்னல் பாடாது, அண்ணை. கிற்றார் பாடும். அதுதான் வித்தியாசம்.

நான் அறுத்த இருபத்தொரு பிறெற்றும் முப்பத்துநாலு அங்குலத் தந்திக்குக் கணக்குப் பார்த்து அறுத்தவை. அந்த நீளத்தின் சரிநடுவில், பதினேழாவது அங்குலத்தில், பன்னிரண்டாவது பிறெற் நிற்கிறது. அங்கே அழுத்தினால் வெறும் தந்தியின் அதே சுரம் மேல்ஸ்தாயியில் வர வேண்டும். நீங்கள் தந்தியை முப்பத்துமூன்று ஆக்கினதும் நடு பதினாறரைக்கு நகர்ந்துவிட்டது. பிறெற் பதினேழிலேயே நிற்கிறது. எந்த அரத்தால் ராவி அதை அரை அங்குலம் நடக்க வைப்பது? பிறிட்ஜில் இருக்கிற சின்னத் திருகாணிகளை முழுக்கப் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தேன். கால் அங்குலம்தான் கிடைத்தது.

போன வருசம் உங்கள் வட்டவாள் மோட்டர் எரிந்தது. ஒரு சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடாமல் இருந்து சுற்றித் தந்தேன். எட்டு எனக்கு ராசியில்லாத எண், ஆகவே எண்பது சுற்றை எழுபதாக்குவம் என்று நான் நினைத்தேனா? நினைத்திருந்தால் அடுத்த நாளே உங்கள் பட்டறை புகைந்திருக்கும். என் வேலையில் எண் என்றால் எண். உங்கள் வேலையில் மட்டும் எண்ணுக்குக் காலும் கையும் முளைக்குமா?

தயாபரன் மாமாவின் விறாந்தையைப் பற்றி எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா? புங்குடுதீவில் எத்தனை வீடு வெறுமையாய்க் கிடக்கிறது? அத்தனை வீட்டு விறாந்தையும் முப்பத்துநாலு அடியா? சனம் போனது ஷெல்லுக்கு. பசிக்கு. பிள்ளைகளைக் காப்பாற்ற. இருபது அடி விறாந்தைக்காரரும் போனார்கள், விறாந்தையே இல்லாத கொட்டில்காரரும் போனார்கள். அவர்களை ஓட்டினவர்களை விட்டுவிட்டு, வீட்டைக் கட்டின தச்சரின் முழக்கோலில் பழியைப் போடுகிறீர்கள்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். பிறிட்ஜை நானே கழற்றி முப்பத்துநாலில் வைத்துப் பார்த்தேன். வைக்க மரம் இல்லை! உடலின் அடியையும் ஓர் அங்குலம் வெட்டி, அழகாக வளைத்து விட்டிருக்கிறீர்கள். நான் திருப்பிப் பூட்டிவிடக்கூடாது என்றுதானே? பதினொரு நாள் தேய்த்த கதை எனக்கு இப்போது விளங்குகிறது.

சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அம்மாவிடம் கேட்டுவிட்டு அடிக்கிற மனிசன் நீங்கள். என் சாமானை வெட்டும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை. உங்களுக்குப் பயம் முப்பத்துநாலில் இல்லை. நான் போய்விடுவேன் என்பதில். அதை மனிசர்மாதிரி வாயால் சொல்லியிருக்கலாம். அதைவிட்டு என்னை மேடையில் ஏற்றி நெடுந்தீவுச் சனத்துக்குச் சிரிக்கக் கொடுத்தீர்கள்.

கோசலா


நயினாதீவு
14.02.2025

கோசலாவுக்கு,

புங்குடுதீவைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அங்கே ஷெல் விழுந்தபோது எனக்குப் பத்து வயது. நீ பிறக்கவும் இல்லை. மாமா வீட்டுக் கிணற்றடியில் குப்புறப் படுத்துக் கிடந்தவர்களில் நானும் ஒருவன். அவர்கள் எதற்காகப் போனார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஷெல்லை நான் என்ன செய்ய? அப்போதும் ஒன்றும் செய்ய ஏலாது, இப்போது நினைத்தாலும் ஏலாது. ஆட்கள் படகேறும்போது இறங்குதுறையில் நின்று கை காட்டுவதைத் தவிர நான் ஒன்றையும் செய்ததில்லை. அளவு ஒன்றுதான் என் கைக்குள் நிற்கிறது. அதனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அது பகிடியாக இருக்கிறது. இருக்கட்டும்.

போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். போன ஆவணியில் சுவிசில் இருந்து வந்த ஒருவர் முப்பத்துநாலு அங்குலத்தில்தான் யன்னல் வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். ஆறு யன்னல் செய்து கொடுத்தேன். அவர் ஏற்கெனவே ஊரைவிட்டுப் போன ஆள், அவரை யன்னல் எங்கே ஓட்டுவது? உன் சாமான் என்று வந்தபோதுதான் கை போகவில்லை. உன் கோட்டில் துறப்பணத்தை வைத்தேன், எடுத்தேன். திரும்ப வைத்தேன், எடுத்தேன். பவதாரணி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளை எடுத்து அடியை வெட்டினேன். ஓம், நீ திருப்பிப் பூட்டக்கூடாது என்றுதான். மேடையில் உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஓர் அங்குலம் ஒருவருக்கும் கேட்காது என்று நினைத்தேன்.

பவதாரணியின் தம்பி பாரிசில் கிற்றார்க் கடைக்குப் பக்கத்தில் வேலை. அவனிடம் விசாரித்தேன். முப்பத்தைந்து அங்குலத்திலும் பேஸ் கிற்றார் உலகத்தில் இருக்கிறதாம். சத்தம் இன்னும் திறமாம். அப்படியென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் சரிதானே? நல்ல பலாப் பலகை ஒன்று நாலு வருசமாகக் காயவைத்திருக்கிறேன். கம்பிக் கணக்கை நீ போட்டுத் தா. வைகாசிக்குள் முடித்துத் தருவேன், ஓர் அங்குலமும் பிசகாது. அதுவரைக்கும் பொறு. இந்தமுறை கஜீபன் போகட்டும். அடுத்தமுறை நீ போகலாம்.

வசீகரன்


ஊர்காவற்றுறை
19.02.2025

அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தோடு கிற்றாரும் வருகிறது. ரஜீபனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

முப்பத்தைந்து அங்குலத்தில் பேஸ் இருக்கிறது என்பது எனக்கு எப்போதோ தெரியும். நல்லாகவும் இருக்கும். எனக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு நெருப்பெடுத்த இடம் பலாப்பலகை இல்லை, "பொறு" என்ற சொல். ஓ.எல். பரீட்சை முடிந்து மின்னியல் படிக்கப் போகிறேன் என்றபோது பொறு என்றீர்கள். படிப்பு இரண்டு வருசம் பிந்தியது. ஊர்காவற்றுறைக் கடையில் வேலை கிடைத்தபோது அம்மாவின் கண் ஒப்பரேசன் முடியட்டும், பொறு என்றீர்கள். அம்மாவின் கண் இப்போது என் கண்ணிலும் நல்லாயிருக்கிறது. எனக்கு முப்பத்தொரு வயது. இன்னும் எதற்குப் பொறுக்க?

வேலணையில் ஒரு தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உந்த வேலைக்கு மேல நான் கைவைக்க மாட்டன் தங்கச்சி, செய்தவரிட்டையே குடும்" என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரி. வெட்டின ஆள்தான் ஒட்ட வேண்டும். அடியில் ஓர் அங்குலம் மரம் ஒட்டி, முப்பத்துநாலில் பிறிட்ஜைப் பூட்டித் தாருங்கள். உங்கள் கையால். மார்ச் இரண்டுக்கு முதல்.

வேலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்று குறைப்பட்டிருந்தீர்கள். நெடுந்தீவில் விரிப்பை அவிழ்த்தபோது துசாரா றம்ஸ் தடியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தொட்டுப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கட அண்ணை செய்தது என்று எல்லோருக்கும் சொன்னேன். ஒரு மணித்தியாலத்தில் அதையே தோளில் மாட்டிக்கொண்டு சனத்தின் சிரிப்பைக் கேட்டேன். பிறகு எப்படி எழுத?

மூன்று மாதம் முடியத் திரும்பி வருவேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரியாது, அண்ணை. மட்டக்களப்பில் வேலை பிடித்தால் நிற்பேன். கொழும்புக்கும் போவேன். வருவேன் என்று பொய் சொல்லி உங்களிடம் வேலை வாங்க எனக்கு விருப்பம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே ஒட்டித் தருவீர்கள் என்றால் தாருங்கள். முடியாது என்றால் ஒட்டாமலே ரஜீபனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் வேறு வழி பார்க்கிறேன்.

கோசலா


நயினாதீவு
27.02.2025

கோசலாவுக்கு,

கிற்றார் வருகிறது.

அதே வேப்பங்குற்றியில் மிச்சம் கிடந்த துண்டைத்தான் ஒட்டியிருக்கிறேன். பல்லுப் பூட்டு, உள்ளே மூன்று மர ஆணி. ஐந்து நாள் இறுக்கிக் காயவிட்டேன். முழு உடலும் கழன்றாலும் அது கழலாது. புது மரம் கொஞ்சம் வெளிறித் தெரியும். நிறம் பூசி மறைக்கலாம், மறைக்கவில்லை. பழைய திருகாணித் துளை நாலையும் அடைத்திருக்கிறேன். அதுவும் தெரியும்.

மூன்று தடவை அளந்தேன். முப்பத்துநாலு. பவதாரணியைக் கூப்பிட்டு அவளையும் அளக்கச் சொன்னேன். அவளும் முப்பத்துநாலு என்றாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சம்மதித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் எடுக்காதே. வேலையில் பிழை இருந்தது, திருத்தினேன். பிழையான வேலை என் பட்டறையில் இருந்து போனது என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

வசீகரன்


ஊர்காவற்றுறை
03.03.2025

அண்ணைக்கு,

நேற்று இங்கே மண்டபத்தில் வாசித்தேன். குழுவில் என் இடம் எனக்குத்தான். ஏப்ரல் இருபத்திரண்டு பயணம்.

கழுத்து முழுக்க, அடி முதல் நுனி வரை, ஒரு சுரம் பிசகவில்லை. சுகந்தி அக்கா வேண்டுமென்றே நெடுந்தீவில் கவிழ்ந்த அந்தப் பாட்டைத்தான் இரண்டு தடவை எடுத்தா. கஜீபனும் வந்திருந்தார். நல்ல பிள்ளை. தன் கிற்றாரைப் பெட்டியில் இருந்து எடுக்கவே இல்லை. முடிந்ததும் வந்து குனிந்து அந்த ஒட்டைத் தடவிப் பார்த்து, "இது ஆர் செய்தது?" என்று கேட்டார். சொன்னேன். "எனக்கும் ஒண்டு செய்து தருவாரோ?" என்றார். அது நீங்களும் அவரும் பேசித் தீர்க்கிற விசயம்.

இத்தோடு சந்தோசமாக முடித்திருப்பேன். ஆனால் சாமான்களைக் கட்டும்போது துசாரா ஒன்று சொன்னாள். "மண்டபத்துக்குப் பின்னால தண்ணித் தாங்கியடியில ஒராள் நிண்டவர். நீலச் சேட்டு. உங்கட அண்ணை மாதிரியே கிடந்தது. கடைசிப் பாட்டு முடிய முன்னம் போயிட்டார்."

நான் வெளியே ஓடினேன். றோட்டில் ஒருவரும் இல்லை. பஸ் நிற்கிற இடம்வரைக்கும் ஓடினேன்.

வந்தது நீங்களா? நீங்கள் என்றால் ஏன் உள்ளே வரவில்லை? நயினாதீவில் இருந்து படகேறி, இரண்டு பஸ் மாறி, ஊர்காவற்றுறைக்கு வந்த மனிசனுக்கு அந்த இருபது அடி நடக்க முடியவில்லையா? ஒட்டித் தந்தது வேலைப் பிழைக்கு என்று எழுதினீர்கள், சரி என்று விட்டேன். என் முகத்தில் விழிக்கவும் பிடிக்காமல் களவாக வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு உங்களுக்கு என்ன வன்மம்? பிறிட்ஜை மாற்றினதையும் மன்னிப்பேன், அடியை வெட்டினதையும் மன்னிப்பேன். இதை என்னால் மன்னிக்க முடியாது. அன்றைக்கு எனக்கு நல்லது நடந்தது. அதை முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீங்கள் இருபது அடியில் நின்றுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

கோசலா


நயினாதீவு
06.03.2025

அன்புள்ள கோசிக்கு,

ஓம், நான்தான். கதவுப் பிணைச்சல் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். பிணைச்சல் இங்கேயே கடையில் கிடைக்கும் என்று அம்மாவுக்கும் தெரியும். ஒன்றும் கேட்காமல் சோறு கட்டித் தந்தா.

எனக்குப் பாட்டு விளங்காது என்று உனக்குத் தெரியும். வெளியில் நின்று கேட்டால் எல்லாம் ஒரே இரைச்சல். எது உன்னுடைய சத்தம் என்று பிரிக்கத் தெரியவில்லை. தாங்கியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், "தம்பி, இதில பேஸ் கிற்றார் எது?" என்று கேட்டேன். "அது காதில தேடக்கூடாது அண்ணை, நெஞ்சில வந்து இடிக்கும்" என்றார். என் நெஞ்சு ஏற்கெனவே இடித்துக்கொண்டுதான் இருந்தது. அதிலே எது கிற்றார், எது நான் என்று எப்படித் தெரியும்?

பிறகு ஒரு பாட்டின் நடுவில் நீ மட்டும் நிறுத்தினாய். மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கூரை கழற்றின வீடுமாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருந்தது எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ திரும்பத் தொடங்கும்வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

வன்மம் என்று எழுதியிருக்கிறாய். இருபத்தெட்டு வருசமாக உனக்குப் பம்பரம் முதல் மேசை வரை செய்து தந்தவனுக்கு வன்மமா? எழுதுகிறதை யோசித்து எழுது. அந்தச் சொல்லுக்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். உள்ளே வந்திருந்தால், உன் முகத்தைக் கண்டிருந்தால், "போகாதை பிள்ளை" என்ற சொல்தான் என் வாயில் வந்திருக்கும். வேறு ஒன்றும் வந்திராது. சொல்லிக்கொண்டு அழுதும் இருப்பேன். உன்னை எனக்குத் தெரியும். நீ சண்டை பிடிப்பாய், கத்துவாய், போனைத் தடுத்து வைப்பாய், இரண்டு பக்கம் மூன்று பக்கம் ஏச்சு எழுதுவாய். ஆனால் அத்தனை பேருக்கும் முன்னால் நான் அழுதுகொண்டு நின்றால் நீ கிற்றாரைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாய்.

வந்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் நாலு மணிப் படகுக்கு ஓடினேன்.

உன் அண்ணை,
வசீகரன்